கார்புரேட்டர் மேல் விழும் பழி

மூன்றாம் ஆண்டு, பி.எஸ்ஸி. (இயற்பியல்)

பழைய புல்லட் ஒன்று நடுவழியில் நின்றுவிட்டால் நம் ஊரில் கூடும் கூட்டத்தை நண்பர்கள் பார்த்திருப்பீர்கள். டீக்கடையில் நிற்பவர், மூட்டை ஏற்றிப் போகும் எக்ஸ்.எல். வண்டிக்காரர், செக்கிங் முடித்து வரும் அக்கா என்று ஆளுக்கொரு யோசனை சொல்வார்கள். யோசனை பலவானாலும் தீர்ப்பு பெரும்பாலும் ஒன்றுதான்: "கார்புரேட்டர் அடைச்சிருக்குமுங்." வண்டி புகைத்தாலும் கார்புரேட்டர், திணறினாலும் கார்புரேட்டர், கிக்கரை இருபது தடவை மிதித்தும் எழாவிட்டாலும் கார்புரேட்டர். உள்ளங்கையில் அடங்கும் அந்தச் சிறு கருவியின் மேல் இத்தனை பழி விழுவதற்குக் காரணம், அது உள்ளே என்ன செய்கிறது என்பது நம்மில் பலருக்குத் தெரியாததுதான் என்று நினைக்கிறேன். இயற்பியல் படிக்கும் நமக்கோ அது அந்நியப் பொருளே அன்று. முதலாண்டுப் பாடத்தில் தேர்வுக்காக எழுதிவிட்டு மறந்துபோகும் பெர்னௌலித் தேற்றம் உலோக உருவெடுத்து அங்கே உட்கார்ந்திருக்கிறது.

எங்கள் வீட்டில் இருப்பது 1989ஆம் ஆண்டு புல்லட், 350 வகை. அப்பாரு வாங்கியது. இந்த வண்டியின் பிறப்பிடம் இங்கிலாந்தின் ரெட்டிச் நகரம். 1955இல் அந்த ராயல் என்ஃபீல்டு நிறுவனமும் நம் மெட்ராஸ் மோட்டார்ஸும் கைகோத்து என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கியபின் சென்னைத் திருவொற்றியூர் அதன் புகுந்த வீடாயிற்று. 70 மி.மீ. குறுக்களவு, 90 மி.மீ. வீச்சு, 346 கன செண்டிமீட்டர், ஒற்றை உருளை. எங்கள் வண்டியில் இருப்பது 24 மி.மீ. வாயுடைய மிக்கார்ப் கார்புரேட்டர்.

அப்பா வீட்டை ஒட்டிய ஷெட்டில் இரண்டு நிட்டிங் மெஷின்கள் வைத்து ஜாப் ஒர்க் செய்கிறார். நூல் பார்ட்டியுடையது, துணியாக்கிக் கொடுத்தால் கிலோவுக்கு இவ்வளவு என்று கூலி. சாயப்பட்டறைக்கும் காம்பாக்டிங்குக்கும் அலைவதெல்லாம் புல்லட்டில்தான். சென்ற ஐப்பசியில் அது மக்கர் செய்யத் தொடங்கியது. சோக் இழுத்தால்தான் எழும். எழுந்தாலும் ஸ்லோவில் நிற்காது. கையை விட்டால் சைலன்சரில் 'டப் டப்' என்று வெடிக்கும். பல்லடம் சாலையில் ஐந்தாறு கிலோமீட்டர் போனதும் மூச்சடைத்தாற்போல் இழுத்து நின்றுவிடும். பத்து நிமிடம் ஓரமாக நிறுத்தி மிதித்தால், ஒன்றும் நடவாததுபோல் மறுபடி ஓடும். காட்டிய இடத்தில் கார்புரேட்டரையே மாற்றச் சொன்னார்கள். சொன்ன தொகை எங்களுக்கு மூன்று வாரக் கரண்டு பில். இதற்கிடையில் வண்டியைக் கேட்டு ஒருவர் வந்தார். பழைய இரும்பு விலைக்குச் சற்றே மேலான விலை. அப்பா யோசித்துவிட்டு, "கார்த்திகை முடியட்டும் கண்ணு, அதுக்குள்ள ஆகுதான்னு பாரு. ஆகலைன்னா குடுத்துட்டு ஒரு எக்ஸ்.எல். எடுத்துக்கலாம்" என்றார். எனக்குக் கிடைத்த தவணை அவ்வளவுதான்.

கருவியைத் தொடுமுன் அதன் தத்துவத்தைச் சற்றுப் பார்ப்போம். குழாய் ஒன்று நடுவில் குறுகினால், குறுகிய இடத்தில் காற்று விரைந்து ஓடும். விரைவு கூடிய இடத்தில் அழுத்தம் குறையும். டேனியல் பெர்னௌலி 1738இல் வெளியிட்ட நூலில் இக்கருத்துக்கு அடித்தளமிட்டார். இத்தாலியரான வெஞ்சூரி 1797இல் குறுகிய குழாய்களைப் பற்றி எழுதினார். வில்ஹெல்ம் மேபாக் என்ற ஜெர்மானியர் 1893இல் இதைக் கொண்டு பெட்ரோலைத் தூவும் கார்புரேட்டரைச் செய்தார். (நம் கலங்கல் கிராமத்து ஜி.டி. நாயுடு பிறந்ததும் அதே 1893. உணவு விடுதியில் வேலை பார்த்துச் சேர்த்த பணத்தில் ரட்ஜ் மோட்டார் சைக்கிள் ஒன்றை வாங்கி, அதைப் பிரித்துப் பூட்டியே அவர் இயந்திரம் கற்றார் என்பது கோவைப் பக்கம் யாவரும் அறிந்த செய்தி. எனக்கு அது பெரிய தெம்பாக இருந்தது.)

கார்புரேட்டரின் அடியில் ஒரு கிண்ணம். அதில் மிதவை ஒன்று பெட்ரோல் மட்டத்தை ஒரே அளவில் வைத்திருக்கிறது, வீட்டுத் தண்ணீர்த் தொட்டியின் மிதவையைப் போலவே. கிண்ணத்துப் பெட்ரோலின் மேல் வெளிக்காற்றின் அழுத்தம் இருக்கிறது. மேலே குறுகிய வாயில் காற்று விரைவதால் அங்கே அழுத்தம் குறைவு. இவ்விரண்டின் வேறுபாடு, ஜெட் எனப்படும் பித்தளைத் துளை வழியாகப் பெட்ரோலை மேலே ஏற்றித் தூவுகிறது. எஞ்சின் பெட்ரோலை 'உறிஞ்சுகிறது' என்று நாம் சொன்னாலும், உண்மையில் அதைத் தள்ளுவது வெளிக்காற்றுதான். இதை நினைவில் வையுங்கள்; எங்கள் வண்டி பல்லடம் சாலையில் நின்றதன் மர்மம் இதில்தான் இருந்தது.

கலவையின் கணக்கும் தெரிய வேண்டும். ஒரு கிராம் பெட்ரோல் முழுதாக எரிய 14.7 கிராம் காற்று வேண்டும். ஒரு லிட்டர் பெட்ரோலின் எடை ஏறத்தாழ 740 கிராம். ஆகவே அதற்குத் தேவையான காற்று ஏறக்குறைய 11 கிலோ. கன அளவில் 9,000 லிட்டர்! சாயப்பட்டறை வாசலில் நிற்கும் 200 லிட்டர் டிரம்கள் 45ஐ வரிசையாக நிறுத்தினால் எவ்வளவோ அவ்வளவு காற்றை, ஒவ்வொரு லிட்டர் பெட்ரோலுக்கும் எங்கள் புல்லட் இழுத்துக்கொள்கிறது. வண்டி பெட்ரோலில் ஓடுகிறது என்கிறோம். எடை போட்டுப் பார்த்தால் அது பெரிதும் காற்றில் ஓடுகிறது. அப்படியிருக்க, பெட்ரோல் போகும் வழியை மட்டும் துருவித் துருவிப் பார்த்துவிட்டுக் காற்று போகும் வழியைப் பாராமல் விடுவது எப்படி?

ஊத்துக்குளி சாலைப் பக்கம் புல்லட் மட்டுமே பார்க்கும் வயதான மெக்கானிக் ஒருவர் இருக்கிறார். அவரிடம் போய், "கார்புரேட்டரைக் கழட்டலாமுங்களா அண்ணா?" என்று கேட்டேன். அவர் வண்டியைத் தொடவே இல்லை. "மொதல்ல கரண்டைப் பாருங்க தம்பி. அப்புறமா கார்புரேட்டர். அதையும் கழட்டறதுக்கு முன்னாடி, எந்த ஆக்ஸிலேட்டர்ல தகராறுன்னு கண்டுபுடிச்சுட்டு வாங்க" என்றார். இந்த ஒரு வாக்கியத்துக்கு அவர் கூலி வாங்கியிருந்தாலும் கொடுத்திருக்கலாம்.

'கரண்டு' என்று அவர் சொன்னது பொறியை. பாயிண்ட் இடைவெளி கூடினாலோ குறைந்தாலோ, கண்டென்சர் பழுதானாலோ எஞ்சின் திணறுவது அச்சாகக் கார்புரேட்டர் கோளாறு போலவே இருக்கும். புல்லட்டின் பாயிண்ட் இடைவெளி 0.35 முதல் 0.40 மி.மீ. வரை இருக்க வேண்டும். எங்களுடையது சரியாகவே இருந்தது; பொறியும் நீலமாக, சத்தத்தோடு விழுந்தது. ஆகவே பொறி குற்றமற்றது என்று தள்ளிவிட்டேன்.

அவர் சொன்ன இரண்டாவது செய்திதான் கோளாறு அறியும் கலையின் உயிர்நாடி. கார்புரேட்டர் ஒரே கருவி போல் தோன்றினாலும், கைப்பிடியை எவ்வளவு திருகுகிறோம் என்பதைப் பொறுத்து அதன் வெவ்வேறு பாகங்கள் பொறுப்பேற்கின்றன. கைப்பிடி மூடியிருக்கும்போதும் கால் பங்கு திறக்கும் வரையிலும் பைலட் ஜெட்டும் ஏர் ஸ்க்ரூவும். அதற்குச் சற்று மேல், ஏறி இறங்கும் ஸ்லைடின் அடிவெட்டு. கால் பங்கிலிருந்து முக்கால் பங்கு வரை ஸ்லைடில் தொங்கும் கூர் ஊசி. முக்கால் பங்குக்கு மேல் மெயின் ஜெட். இவை ஒன்றன் எல்லைக்குள் மற்றொன்று சற்று நுழையும் என்றாலும் பொதுவான பாகப்பிரிவினை இதுதான். மெதுவாகப் போகையில் திணறும் வண்டிக்கு மெயின் ஜெட்டை மாற்றுபவர், காலில் முள் குத்தியவனுக்குக் கண்ணில் மருந்து விடுபவர்.

கைப்பிடியில் வெள்ளை டேப் ஒட்டி, அதில் கால், அரை, முக்கால் என்று பேனாவால் கோடிட்டேன். எதிரே விளக்குக் கூட்டின் மேல் ஒரு புள்ளி. பிறகு ஞாயிறு காலை, கம்பெனி வண்டிகள் ஓடாத நேரத்தில், ஒவ்வொரு கோட்டிலும் பிடித்து ஓட்டிப் பார்த்தேன். பிளக்கின் நிறமும் சாட்சி சொல்லும். காப்பிப்பொடி நிறமானால் கலவை சரி. கரி படிந்திருந்தால் பெட்ரோல் மிகை. சுண்ணாம்பு வெளுப்பானால் பெட்ரோல் குறைவு. ஆனால் வீட்டுக்கு வந்து பிளக்கைக் கழற்றினால், அது வீட்டு வாசலில் ஸ்லோவில் நின்றதைத்தான் சொல்லும். முக்கால் பங்கின் நிலை தெரிய வேண்டுமானால், முக்கால் பங்கில் ஓடிக்கொண்டிருக்கும்போதே கிளட்ச்சைப் பிடித்து எஞ்சினை அணைத்துவிட்டு, அங்கேயே ஓரங்கட்டிப் பிளக்கைக் கழற்ற வேண்டும். சூடாக இருக்கும், துணி கொண்டு போகவும்.

இப்படிப் பார்த்ததில் மூன்று செய்திகள் கிடைத்தன. ஸ்லோவில் பெட்ரோல் குறைவு. சோக்கை இலேசாகத் தூக்கினால் எஞ்சின் தேறுகிறது. முக்கால் பங்கில் முதல் சில கிலோமீட்டருக்குப் பெட்ரோல் மிகை. பிளக் கரியாக இருந்தது. அதற்குப்பின் திடீரென்று பெட்ரோலே இல்லை. ஒரே கார்புரேட்டர், ஒரே பயணத்தில் மிகையும் குறைவும் எப்படிச் செய்யும்? கோளாறு ஒன்றாக இருக்க முடியாது என்பது அப்போதே தெரிந்தது.

கடைசியிலிருந்து தொடங்கினேன். கார்புரேட்டருக்கு வரும் பெட்ரோல் குழாயைக் கழற்றி, ஒரு பாட்டிலில் விட்டு, டேப்பைத் திறந்தேன். முதலில் நன்றாகக் கொட்டியது. சிறிது நேரத்தில் நூலாக மெலிந்தது, பின் சொட்டாயிற்று. டேங்க் மூடியைத் திறந்தேன். 'உஸ்' என்று காற்று உள்ளே போகும் ஓசை. உடனே குழாயில் பெட்ரோல் பழையபடி கொட்டியது. எண்ணெய் டின்னில் ஒரே ஓட்டை போட்டால் 'குபுக் குபுக்' என்று நின்று நின்று வரும் என்பதற்காக அம்மாக்கள் எதிர்மூலையில் இன்னொரு ஓட்டை போடுவார்கள் அல்லவா? டேங்க் மூடியில் அந்த இரண்டாம் ஓட்டை உண்டு. அது அடைபட்டுவிட்டால், பெட்ரோல் இறங்க இறங்க டேங்குக்குள் அழுத்தம் குறைந்து, கடைசியில் பெட்ரோலைக் கீழே விடாமல் பிடித்துக்கொள்ளும். மெதுவாக ஓட்டினால் கசிந்து வரும் காற்று போதும், விரைந்தால் போதாது. பத்து நிமிடம் நின்றால் காற்று மெல்லப் புகுந்து நிலை சரியாகும். எங்கள் வண்டி ஓய்வெடுத்ததும் ஓடியது இதனால்தான்.

அந்த ஓட்டையை அடைத்திருந்தது எது தெரியுமா? பஞ்சு! எண்ணெய்ப் பிசுக்கோடு சேர்ந்து மெழுகுபோல் இறுகிய பஞ்சுத் தூசி. உடனே ஏர் ஃபில்டரைத் திறந்தேன். உள்ளே சாம்பல் நிறத்தில் கம்பளி விரித்தது போல் ஒரு படலம். விரலால் தோலுரிப்பதுபோல் உரிக்க முடிந்தது. பிறகுதான் விளங்கிற்று: அப்பா வண்டியை நிறுத்துவது நிட்டிங் ஷெட்டின் எக்ஸாஸ்ட் ஃபேனுக்கு நேர் கீழே. இரண்டு மெஷின்கள் இரவெல்லாம் துப்பும் பஞ்சு வண்டியின் மேல்தான் விழுகிறது. 45 டிரம் காற்றைக் கேட்கும் எஞ்சினுக்குப் பாதி வழியை அடைத்துவிட்டால், அதிக ஆக்ஸிலேட்டரில் காற்று போதாமல் கலவை பெட்ரோல் மிகையாகும். பிளக் கரி பிடிக்கும். மற்ற ஊர் வண்டிக்குப் புழுதி எப்படியோ, நம் ஊர் வண்டிக்குப் பஞ்சு அப்படி. ஃபில்டர் மாற்றும் கிலோமீட்டர்க் கணக்கைப் புத்தகத்தில் அச்சிட்டவர்கள் நிட்டிங் ஷெட்டைப் பார்த்திருக்க மாட்டார்கள்.

இனி மிஞ்சியது ஸ்லோக் கோளாறு. இங்கும் முதலில் காற்றைத்தான் பார்த்தேன். கார்புரேட்டர் எஞ்சினோடு சேரும் முகப்பில் இடைவெளி இருந்தால், அவ்வழியே திருட்டுக் காற்று புகுந்து பெட்ரோல் குறைவு போலவே காட்டும். போல்ட்டை வெறியோடு முறுக்குவதால் அந்த முகப்பு வளைந்துபோவது பழைய வண்டிகளில் சகஜம். எஞ்சின் ஓடும்போது சந்தில் சில துளி எஞ்சின் ஆயில் விட்டுப் பார்க்கலாம். ஓட்டத்தில் மாற்றம் தெரிந்தால் ஓட்டை அங்கேதான். மாற்றம் இல்லை.

அதற்குப் பிறகே கார்புரேட்டரைக் கழற்றினேன். பைலட் ஜெட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தால் ஒளி தெரியவில்லை. துளையில் பழுப்பு நிறப் பிசின். கிண்ணத்தின் அடியில் வெண்பொடி போல் ஒரு படிவு. இங்கே ஒரு எச்சரிக்கை: ஜெட்டின் துளை மயிரிழை அளவே உடையது, பித்தளையோ மென்மையான உலோகம். ஊசியாலோ இரும்புக் கம்பியாலோ குத்தினால் துளை பெரிதாகி, அதன்பின் ஜெட் ஜெட்டாக இராது. ஓர் இரவு கிளீனரில் ஊறவைத்து, பக்கத்து பனியன் கம்பெனியில் மெஷின்களின் பஞ்சை ஊதித் தள்ளும் ஏர் கன்னால் ஊதிக்கொண்டேன். நம் ஊரில் காற்றழுத்தத்துக்குப் பஞ்சமில்லை.

பிசினும் வெண்பொடியும் எங்கிருந்து வந்தன என்ற கேள்வி எஞ்சியது. இன்று நாம் வாங்கும் பெட்ரோல், அப்பாரு வாங்கிய பெட்ரோல் அன்று. நாடு முழுவதும் 10 விழுக்காடு எத்தனால் கலப்பு 2022இல் எட்டப்பட்டது. 2023 பிப்ரவரியில் 20 விழுக்காட்டுக் கலப்பு விற்பனைக்கு வந்து, 2025இல் நாடெங்கும் பரவிவிட்டது. வேதியியல் துறையில் ஆசிரியர் அனுமதியோடு, அவர் முன்னிலையில், அடுப்புகளை அணைத்துவிட்டு ஓர் எளிய சோதனை செய்தோம். அளவு உருளையில் 100 மில்லி பெட்ரோல், 10 மில்லி நீர். மூடிக் குலுக்கி நிறுத்தினால், எத்தனால் பெட்ரோலை விட்டுவிட்டு நீரோடு சேர்ந்து கீழே இறங்கிவிடும். பத்து மில்லியாக இருந்த கீழடுக்கு கிட்டத்தட்ட முப்பதாயிற்று. இருபது மில்லி எத்தனால் கண்ணெதிரே வந்து நின்றது.

எத்தனால் தன்னளவில் கெட்ட எரிபொருள் அன்று. கரும்பும் சோளமும் விளைவிக்கும் நாட்டுக்கு அதில் நன்மையும் உண்டு. ஆயினும் பழைய வண்டிக்கு அது மூன்று வேலைகள் செய்கிறது. எத்தனால் எரிய எடையில் ஒன்பது மடங்கு காற்றே போதும். ஆகவே இக்கலவைக்கு வேண்டிய விகிதம் 14.7இலிருந்து ஏறத்தாழ 13.5 ஆகக் குறைகிறது. புதிய வண்டியில் கணிப்பொறி அதைத் தானே சரிசெய்துகொள்ளும். கார்புரேட்டருக்கு மூளை இல்லை. பழைய ஜெட்டின் வழியே பழைய அளவைத்தான் விடும். எனவே எஞ்சின் சற்றே பட்டினி கிடக்கும். இரண்டாவது, எத்தனால் காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். நீர் அளவு மீறினால், நம் சோதனை உருளையில் நடந்ததே டேங்கின் அடியிலும் நடக்கும். மூன்றாவது, பழங்கால ரப்பர் வளையங்களையும் குழாய்களையும் அது இளக்கும். சில பழைய வண்டிகளில் ரப்பர்ப் பாகங்களை முன்கூட்டியே மாற்ற நேரலாம் என்று பெட்ரோலிய அமைச்சகமே 2025 ஆகஸ்டில் தெரிவித்தது. எங்கள் வண்டியின் குழாய் அழுத்தினால் மாவுபோல் இருந்தது, மாற்றிவிட்டோம்.

எல்லாவற்றையும் பூட்டியபின் ஏர் ஸ்க்ரூவை இறுதி வரை மெதுவாக உள்ளே திருகி, ஒன்றரைச் சுற்று வெளியே எடுத்து, எஞ்சின் சூடானபின் கால் கால் சுற்றாக உள்ளே திருப்பிக்கொண்டு வந்தேன். ஓரிடத்தில் ஓட்டம் சீராயிற்று. பெட்ரோல் குறைவை ஈடுகட்ட, ஊசியின் கிளிப்பை ஐந்து வரைகளில் ஒன்று கீழே இறக்கிப் போட்டேன். ஊசி ஒரு வரை உயரும், அரை ஆக்ஸிலேட்டரில் பெட்ரோல் சற்றுக் கூடும். ஃபில்டர், குழாய், வளையங்கள், கிளீனர் எல்லாம் சேர்த்து ஆன செலவு புதுக் கார்புரேட்டர் விலையில் நான்கில் ஒரு பங்குக்கும் குறைவு. கார்த்திகை தீபத்தன்று அப்பா தாராபுரம் போய்த் திரும்பினார். வழியில் ஓரிடத்திலும் நிற்கவில்லை. விலை பேச வந்தவருக்கு அவரே போன் செய்து, "இப்போதைக்கு இல்லீங்க" என்று சொன்னார். வண்டி இப்போது ஃபேனுக்கு எதிர்ப்புறம், வேப்ப மரத்தடியில் நிற்கிறது.

கார்புரேட்டர் முழுக்க நிரபராதி என்றும் நான் வாதாட மாட்டேன். ஊத்துக்குளி சாலை அண்ணன் ஸ்லைடை விரலால் அசைத்துப் பார்த்துவிட்டு, "உள்ள தேஞ்சிருக்குங் தம்பி, வெயில் காலத்துல காட்டும்" என்றார். அத்தனை ஆண்டு ஏறி இறங்கியதில் ஸ்லைடுக்கும் சுவருக்கும் இடையே சந்து விழுந்திருக்கிறது; அவ்வழியே புகும் காற்றை எந்த ஸ்க்ரூவும் அடைக்காது. அவர் சொன்னபடியே சித்திரை வெயிலில், சிக்னலில் நிற்கையில், ஸ்லோ சற்றுத் தடுமாறுகிறது; கையை இலேசாகத் திருகிப் பிடித்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. இதற்கு மட்டும் புதுக் கார்புரேட்டர்தான் வழி. தீபாவளிக்கு முன் பார்ட்டிகளிடமிருந்து கூலி பாக்கி வந்து சேர்ந்தால் மாற்றலாம் என்று அப்பா சொல்லியிருக்கிறார்.